ஏ.சி. கிரீனா, ராபர்ட் ஹோரியா? எங்கள் அணிக்கு எந்த மாதிரி ஆள்

வேலூர் சத்துவாச்சாரியில் சாயங்காலம் நாங்கள் கூடைப்பந்துப் பயிற்சி கொடுக்கும் பசங்களில், முதல் ஐவரில் கடைசி இடத்துக்கு ரெண்டு பேர் போட்டி. ஒருத்தன் கடைசி நொடியிலும் கை நடுங்காமல் கூடைக்கு எறிவான். இன்னொருத்தன் பந்து ரிங்கில் படும் முன்பே எதிராளியை முதுகால் தள்ளி வெளியே நிறுத்திவிட்டு ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, எழும்புவான். ஒரு நாளும் வராமல் இருக்க மாட்டான். ரெண்டாவது பையனை எடுத்தேன். எடுக்கும்போது நினைப்பில் இருந்தது அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஆடிய ராபர்ட் ஹோரியும் ஏ.சி. கிரீனும்.

ரெண்டு பேரும் ஃபார்வர்டு (முன்வரிசை ஆட்டக்காரர்), நட்சத்திரம் ஆகாமலே நிலைத்தவர்கள். 1999-2000ல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியில் ஒன்றாகவே இருந்தார்கள். கிரீன் முதல் ஐவரில், ஹோரி பெஞ்சிலிருந்து. அந்த வருஷம் கோப்பையும் வந்தது.

கோப்பைக் கணக்கில் ஹோரியை நெருங்க முடியாது: 7. கிரீனுக்கு 3. 2002 மே 26 அன்று, எதிரணியான சாக்ரமென்டோவின் டிவாச் வெளியே தட்டிவிட்ட பந்து நேராக ஹோரி கைக்குப் போக, அவர் தூரத்திலிருந்து போட்ட த்ரீ பாயின்டரில் (மூன்று புள்ளி எறிதல்) லேக்கர்ஸ் 100-99 என்று ஜெயித்ததை இன்றும் பசங்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் அதே ஹோரி, 2003 பிளேஆஃபில் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகளில்) 38 த்ரீ எறிந்து ரெண்டுதான் போட்டார். இன்னொன்று, ஒலாஜுவான், ஷகீல் ஓ'நீல், டங்கன் என்று மலை மாதிரி ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் எப்போதும் அவர் பக்கத்தில் நின்றார். ஆட்டத்தைக் கடைசி நொடி வரை இழுத்து வர அப்படி ஒரு ஆள் இருந்தால்தான் அந்த எறிதலுக்கு மதிப்பு. எங்கள் அணியில் அப்படி யாரும் இல்லை.

கிரீன் கதை வேறு. 1986 நவம்பர் 19 முதல் 2001 ஏப்ரல் 18 வரை தொடர்ந்து 1,192 ஆட்டங்கள். லேக்கர்ஸ், ஃபீனிக்ஸ், டல்லாஸ், மறுபடி லேக்கர்ஸ், கடைசியில் மயாமி. அணி மாறியது, தொடர் அறுபடவில்லை. 16 சீசனில் அவர் ஆடாமல் போனது மூன்றே ஆட்டம். 1996ல் எதிரணியின் ஜே.ஆர். ரீட் முழங்கை பட்டு ரெண்டு பல் போனது, அடுத்த ஆட்டத்திலும் இறங்கினார். அப்போது சில நிமிஷம் மட்டும் ஆடித் தொடரைக் காப்பாற்றினார் என்று குறை சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் வாழ்நாள் சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு 7.4 ரீபவுண்ட் எடுத்தவரை வெறும் வருகைப் பதிவு என்று ஒதுக்க முடியாது.

வேலூர் வெயிலில் இதுதான் எனக்குப் பெரிய விஷயம். மே மாதம் நாலு மணிக்கும் சிமென்ட் தரை ஷூவைத் தாண்டிச் சுடும். ஒருத்தன் வராவிட்டால் டிஃபென்ஸில் யார் யாருக்கு உதவிக்கு நகர்வது என்பதை மீதி நாலு பேரும் புதுசாகப் பழக வேண்டும். தினமும் வருகிறவன் இருந்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமலே நகர்வார்கள். அவன் புள்ளியே எடுக்காத நாளிலும் அந்தப் பலன் அணிக்குக் கிடைக்கும்.

பெரிய கிளப் அணிகளோடு எனக்குப் பழக்கம் இல்லை, அங்கே கணக்கு வேறாக இருக்கலாம். ரிங்குக்குக் கீழே நிற்க ஆறரை அடி ஆள் ஒருவன் எங்களுக்கும் கிடைத்தால், அந்த எறிகிற பையனைத்தான் முதலில் கூப்பிடுவேன்.