வீட்டு வெல்டிங்குக்குக் குச்சியா, கம்பியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்ட வீடுகளில் வரும் வெல்டிங் வேலை கேட்டின் கீல், கோழிக்கூண்டு, தள்ளுவண்டிக் கால். 3 மி.மீ. தடிப்புள்ள இரும்பு என்றால் தயங்காமல் குச்சியால் பற்றவைக்கும் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினையே வாங்குங்கள். 2.6 மி.மீ. 6013 வகை வெல்டிங் குச்சியை 70-80 ஆம்பியரில் வைத்தால் 13 ஆம்ப் பிளக்கிலேயே ஓடும். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர்தான் எமன்: வோல்டேஜ் இறங்கும், குச்சி இரும்பில் ஒட்டிக்கொள்ளும். 2.5 சதுர மி.மீ. வயரைச் சுருள் இல்லாமல் முழுதாக விரித்துப் போடுங்கள். மழைக்காலத்தில் ஈரமேறிய குச்சி படபடவெனத் தெறிக்கும், பற்றில் ஓட்டை விழும். காற்றுப் புகாத டின்னில் மூடி வைப்பது அவசியம்.

1.2 மி.மீ. சதுரக் குழாயில் கதை வேறு. புதுக்கை குச்சியை வைத்த நொடியில் ஓட்டை. அங்கே கேஸ் இல்லாமல் ஓடும், 0.8 மி.மீ. மருந்துக் கம்பி (உள்ளே ஃபிளக்ஸ் பொடி அடைத்த கம்பி) மெஷின் கைகொடுக்கும். கம்பி வெளிவரும் கைப்பிடியான டார்ச் நெகட்டிவ் முனையில் இருக்கவேண்டும். மாற்றி மாட்டினால் ஒரே தெறிப்பு. கம்பியைத் தள்ளும் ரோலரை அதிகம் இறுக்கினால் குழல் போன்ற அந்தக் கம்பி நசுங்கி, பாதியில் நிற்கும். குச்சியைவிட விலையும் கூடுதல்.

கேட், கீல் வேலை மட்டும் என்றால் குச்சி. எதை வாங்கினாலும் ஜிங்க் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டே பற்ற வையுங்கள். அந்த வெள்ளைப் புகை காய்ச்சலில் தள்ளும்.