கேசியோ 991இஎஸ் பிளஸ்: சிக்மா எக்ஸ் எப்போது, எஸ் எக்ஸ் எப்போது?

கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் கால்குலேட்டரின் புள்ளியியல் பகுதிக்கு மட்டுமான மதிப்புரை இது. ஒரே தரவுக்கு சிக்மா எக்ஸ், எஸ் எக்ஸ் என்று இரண்டு திட்ட விலக்கங்களை (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) தருகிறது. உங்களுக்கு வேண்டியது எது என்று கேட்பதில்லை. கணக்கு கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஓர் ஆலையில் அன்று கட்டிய நூற்றுக்கணக்கான அரிசி மூட்டைகளில் ஐந்தை எடுத்து நிறுத்ததாக வைத்துக்கொள்வோம்: 48, 50, 51, 49, 52 கிலோ. மோட் 3, பிறகு 1 அழுத்தினால் ஒரு மாறிக்கான பட்டியல் திறக்கும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் சமக்குறி; முடிந்ததும் ஏசி. இப்போது ஷிஃப்ட் 1, 4 அழுத்தினால் வரும் 'வார்' பட்டியலில் 1 எண்ணிக்கை, 2 சராசரி, 3 சிக்மா எக்ஸ், 4 எஸ் எக்ஸ். முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். 5 வராவிட்டால் பதிவிலேயே பிழை, மேலே போக வேண்டாம். சராசரி 50. சிக்மா எக்ஸ் 1.4142, எஸ் எக்ஸ் 1.5811.

விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 10. அதை 5 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் முதல் விடை, 4 ஆல் வகுத்தால் இரண்டாவது. அந்த ஐந்து மூட்டைகளே முழுமைத் தொகுதி, வேறு மூட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் சிக்மா எக்ஸ்தான் தொகுதிப் பண்பளவை, அதாவது முழுத் தொகுதியின் உண்மை அளவு. ஐந்தை வைத்து அன்றைய மூட்டைகள் எல்லாவற்றையும் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவை வெறும் கூறு, அதாவது தொகுதியிலிருந்து எடுத்த ஒரு பகுதி. அப்போது எடுக்க வேண்டியது எஸ் எக்ஸ்.

ஏன் 4? அன்றைய மூட்டைகளின் உண்மைச் சராசரி நமக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, இதே ஐந்து எண்களிலிருந்து எடுத்த 50ஐ வைத்து விலக்கம் பார்க்கிறோம். எந்தத் தரவுக்கும் வர்க்கக் கூடுதல் மிகக் குறைவாக இருப்பது அதன் சொந்தச் சராசரியிடம்தான். உண்மைச் சராசரி 51 என்றிருந்தால் கூடுதல் 10 அல்ல, 15. எனவே 5 ஆல் வகுத்த விடை சராசரியாகப் பார்த்தால் குறைவாகவே விழும்; 4 ஆல் வகுப்பது பரவற்படியில் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) அந்தக் குறையைச் சரிசெய்கிறது. ஐந்து எண்களில் இரு விடைகளின் வித்தியாசம் கிட்டத்தட்ட 12 விழுக்காடு. முப்பதில் 1.7, நூறில் அரை விழுக்காடு. சிறு கூறில்தான் இந்தத் தவறு வலிக்கும்.

பத்தாம் வகுப்புப் பாடநூலின் திட்ட விலக்கச் சூத்திரம் மொத்த எண்ணிக்கையால் வகுப்பது. அந்தக் கணக்குக்கு சிக்மா எக்ஸ். ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப அளந்த அளவீடுகளுக்கு எஸ் எக்ஸ். சராசரிக்கு இரண்டு விசை கிடையாது, தேவையும் இல்லை: கூட்டி வகுக்கும் வழி ஒன்றே. 50 என்பது தொகுதிச் சராசரியா கூறுச் சராசரியா என்பதைத் தரவு வந்த இடம்தான் தீர்மானிக்கும்.

இந்தக் கருவியில் மிகவும் ஏமாற்றுவது 'டிஸ்ட்ர்' பட்டியலின் நான்காவது கட்டளை. அம்புக்குறியோடு 'டி' என்று இருப்பதால் டி-சோதனை மதிப்பு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது எண்ணிலிருந்து சராசரியைக் கழித்து சிக்மா எக்ஸால் வகுக்கிறது, அவ்வளவுதான். 52க்கு 1.4142 காட்டும், எஸ் எக்ஸால் வகுத்தால் 1.2649. கருதுகோள் சோதனையில் அதைத் தொடவே கூடாது.

கூறுச் சராசரி உண்மைச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்று காட்டும் திட்டப் பிழைக்குத் தனி விசை இல்லை. எஸ் எக்ஸை எடுத்து, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்: 0.7071. டி-அட்டவணையில் 4 வரையற்ற பாகைக்கு (எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 95 விழுக்காட்டு மதிப்பு 2.776. இரண்டையும் பெருக்கினால், உண்மைச் சராசரிக்கான நம்பிக்கை இடைவெளி 50க்கு இருபுறமும் 1.96 கிலோ. சிக்மா எக்ஸையும் 1.96 என்ற இயல்நிலை மதிப்பையும் போட்டால் 1.24 கிலோ என்று வரும். இல்லாத துல்லியம் அது. இந்தப் பெருக்கலுக்காக மோட் 1க்கு (சாதாரணக் கணக்கு முறை) போய்விடாதீர்கள், பட்டியல் முழுதும் அழிந்துவிடும். ஏசி அழுத்திவிட்டு அங்கேயே கணக்கிடலாம்.

ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வந்தது என்று பதியும் நிகழ்வெண் நிரல் வேண்டுமானால் ஷிஃப்ட் மோட், கீழ் அம்பு, 4, 1. தரவை ஏற்றும் முன்பே இதைச் செய்யுங்கள். பின்னால் மாற்றினாலும் தரவு அழியும். இந்த நிரலில் நிகழ்தகவுகளையே ஏற்றலாம் என்பது நல்ல வசதி. இரண்டு முறை நாணயம் சுண்டினால் வரும் தலைகள் 0, 1, 2, நிகழ்தகவு 0.25, 0.5, 0.25. சிக்மா எக்ஸ் 0.7071 என்று பண்பளவையைச் சரியாகத் தரும். எஸ் எக்ஸ் கேட்டால் பிழை: எண்ணிக்கை 1, ஒன்றைக் கழித்தால் வகுக்கப் பூச்சியம்தான் மிஞ்சும். பரவல் முழுதாகத் தெரிந்த இடத்தில் கூறு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கூறுத் தரவின் நிகழ்வெண்களை விழுக்காடாக மாற்றி ஏற்றாதீர்கள். எண்ணிக்கை 100 ஆகிவிடும், எஸ் எக்ஸும் திட்டப் பிழையும் கெடும்.

குறைகள்? பரவற்படி பட்டியலில் இல்லை, விடையை வர்க்கப்படுத்த வேண்டும். 80 வரிசைதான் இடம். நிகழ்வெண் நிரலோடு 40. கிளாஸ்விஸ் 991இஎக்ஸில் 160 வரிசை, இரு பரவற்படிகளும் இரு திட்ட விலக்கங்களும் ஒரே விடைப் பட்டியலில் வருகின்றன. புள்ளியியலுக்காகவே வாங்குபவர்கள் அதை எடுக்கலாம்.

அதைவிடப் பெரிய தரவென்றால் கணினிதான். அங்கேயும் இதே பொறி உண்டு. எக்செலில் எஸ் என்று முடியும் திட்ட விலக்கச் சார்பு கூறுக்கு, பி என்று முடிவது தொகுதிக்கு. பைத்தான் நிரல்மொழியின் நம்பை நூலகம், எதுவும் சொல்லாவிட்டால் நம் ஐந்து மூட்டைகளுக்கு 5 ஆல் வகுத்து 1.4142 தரும்; பாண்டாஸ் நூலகம் 4 ஆல் வகுத்து 1.5811 தரும். நம்பையில் கூறு விடை வேண்டுமென்றால் 'டிடிஓஎஃப்' மதிப்பை 1 என்று நீங்களே எழுத வேண்டும்.