பினாங்கு ஜாலான் பர்மா பக்கத்துக் கிளினிக்: கொனோரியா (உடலுறவுல தொத்துற நோய்) பரிசோதனைக்குப் போன அனுபவம்

அஞ்சுக்கு நாலு நட்சத்திரம். குறைச்ச ஒண்ணு கவுண்டருக்கு. எதுக்கு வந்தீங்கன்னு கேட்கிறது அவங்க வேலை, சரி. அதை நாசி கண்டார் பொட்டலத்தோட பின்னாடி உட்கார்ந்திருக்கிற அங்கிளுக்கும் கேட்கிற மாதிரியா கேட்கிறது? ஒரு சீட்டும் பேனாவும் நீட்டினா எழுதிக் கொடுத்துட்டுப் போறோம். "டாக்டரிடமே சொல்றேன்"னு சொல்லிட்டு ஐசியை (அடையாள அட்டையை) மட்டும் கொடுத்தேன்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. எங்க வீட்டுக்காரருக்குத்தான் சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழ். அவருக்குக் கொனோரியான்னு உறுதியானதும் என்னையும் பார்க்கச் சொல்லி அனுப்பினாங்க. எப்படி வந்ததுங்கிறது எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு, இங்க எழுத மாட்டேன். டாக்டரம்மாவும் அந்தக் கதையைக் கேட்கலை. அதுக்கே இன்னொரு நட்சத்திரம் சேர்த்துப் போடலாம்.

கேட்டதெல்லாம் வேற. மருந்து ஒத்துக்காம போனதுண்டா, மாதவிடாய் எப்ப வந்தது, வாய்வழி உறவு உண்டா. கடைசிக் கேள்வியில எனக்கு முகம் சிவந்துடுச்சு. அவங்க சாதாரணமா, "தொண்டையிலயும் தங்கும்மா, பெரும்பாலும் வலிகூட இருக்காது"ன்னாங்க. பல பெண்களுக்குக் கீழேயும் அப்படித்தானாம், அறிகுறியே காட்டாது. காட்டலைங்கிறதுக்காக சும்மா இருக்காது. கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறிப் போய் பிள்ளைப்பேற்றையே கெடுத்துடும். கர்ப்பிணிக்கு இருந்தா பிரசவத்தப்ப குழந்தையோட கண்ணுல தொத்தி, பார்வைக்கே ஆபத்து.

பஞ்சுக் குச்சியில மாதிரியை நானே கழிப்பறைக்குள்ள எடுத்துக்கிட்டேன். தொண்டையில மட்டும் மிஸ்ஸி (நர்ஸ்) எடுத்தாங்க. கர்ப்பம் இல்லைன்னு சிறுநீர்ல பார்த்தாங்க. சிஃபிலிஸுக்கும் எச்ஐவிக்கும் ரத்தம். எச்ஐவி சீக்கிரத்துல தெரியாமப் போகலாம், அதனால பிறகு ஒருமுறை பார்க்கணும்னு அவங்களாவே சொன்னாங்க.

புருஷனுக்கு உறுதியாயிட்டதால என் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காம அன்னைக்கே ஊசி போட்டாங்க, செஃப்ட்ரியாக்ஸோன். இடுப்புல போடுற ஊசி, நல்லா வலிக்கும், சொல்லி வச்சுடுறேன். கூடவே கிளமீடியாங்கிற இன்னொரு பால்வினைத் தொற்றும் இருக்கலாம்னு ஏழு நாளைக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை. எங்க வீட்டுக்காரர் முதல்ல ஒரு நண்பர் கொடுத்த சிப்ரோஃப்ளோக்சசின்ங்கிற ஆன்டிபயாடிக்கைச் சாப்பிட்டிருக்கார். சீழ் கொஞ்சம் அடங்கினதும் சரியாயிடுச்சுன்னு நினைச்சுட்டார். டாக்டரம்மா தலையில அடிச்சுக்கலை, அவ்வளவுதான். அந்தக் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமப் போய் வருஷக்கணக்காச்சாம். ரெண்டு பேருக்கும் சிகிச்சை முடிஞ்சு ஏழு நாள் ஆகிற வரைக்கும் உறவு கூடாது. ஒருத்தர் மட்டும் மருந்து எடுத்தா மற்றவர்கிட்டேயிருந்து திரும்ப வந்துடும், ஒருமுறை வந்துட்டாலும் உடம்புக்கு எதிர்ப்பு ஒண்ணும் வந்துடாது. ஆணுறையை ஒழுங்காப் போட்டா ஆபத்து நல்லாவே குறையும், வாய்வழி உறவுக்கும் வேணும்.

என் அக்கா மட்டும் "உடம்புச் சூடு, இளநீர் குடி, எங்கயோ கழிப்பறையில ஒட்டியிருக்கும்"னு ஒரே பிடி. இளநீர் குடிக்கிறதுல எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா இந்தக் கிருமி உடம்பை விட்டு வெளியே வந்தா ரொம்ப நேரம் பிழைக்காது. கழிப்பறைமேல பழி போட முடியாது.

இன்னொண்ணு, பயந்துடாதீங்க: இது மலேசியாவோட 1988-ஆம் வருஷத் தொற்றுநோய்ச் சட்டப்படி டாக்டர்கள் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். எனக்கு இதைக் கேட்டதும் வயித்தைக் கலக்கிடுச்சு. அது நோய் பரவலைக் கண்காணிக்கத்தான், மாமியார் வீட்டுக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்கன்னு டாக்டரம்மா சிரிச்சாங்க. 2020-ல மட்டும் உலகத்துல 8 கோடிப் பேருக்கு மேல புதுசா வந்திருக்குன்னு உலக சுகாதார நிறுவனக் கணக்கைப் பின்னாடி படிச்சேன். கவுண்டர்ல அவ்வளவு கூச்சப்பட்டிருக்க வேண்டாம்.

பில் 420 வெள்ளி (ரிங்கிட்). ப்ளவுஸ் தைக்கிற எனக்கு அது சின்னக் காசு இல்ல. வசதி இல்லைன்னா அரசாங்கக் கிளினிக்கான 'கிளினிக் கெசிஹாத்தான்' போங்க, குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான், காத்திருக்கணும். இங்க காலையில சீக்கிரம் போனா கூட்டம் குறைவு. கார்ல வர்றவங்க பார்க்கிங் செயலியில காசு போட்டுட்டு வாங்க, சம்மன் கொடுக்கிற ஆள் அந்த வரிசையை விட்டு நகரவே மாட்டார்.