கேஷ் ஆன் டெலிவரியா, யுபிஐயா, கார்டா? முதல்முறை ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு

போன மாசம் அம்மா முதல்முறையாகத் தானே ஒரு குக்கர் வாங்க உட்கார்ந்தார். 5 லிட்டர், அடி கனமாக இருக்கணும், இண்டக்‌ஷன் அடுப்பிலும் வைக்கணும். தேடினார், நட்சத்திரம் பார்த்தார், முகவரியைத் தட்டினார், எல்லாம் சரியாக வந்தது. கடைசிப் பக்கத்தில் கை நின்றுவிட்டது. கேஷ் ஆன் டெலிவரி, யுபிஐ, டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு என்று வரிசையாக வட்டங்கள். "இதுல எதை அமுக்குனா பணம் போகாதுடி?" என்று கேட்டார்.

முதல்முறை வாங்குகிற யாருக்கும் வரவேண்டிய கேள்விதான் இது. எந்த வட்டத்தைத் தொட்டாலும் பணம் போகத்தான் செய்யும். பொருள் வராமல் போனாலோ, குக்கருக்குப் பதில் வேறு எதுவோ வந்தாலோ, போன பணம் எந்த வழியில் திரும்பி வரும் என்பதில்தான் இவை நாலும் வேறுபடுகின்றன. கேஷ்பேக், தள்ளுபடியை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஒரு கணக்கை மட்டும் வைத்து இவற்றைப் பார்ப்போம்.

கேஷ் ஆன் டெலிவரி

நம் ஊரில் ஆன்லைன் கடைகள் மேல் நம்பிக்கை வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். முன்பணம் கிடையாது, கார்டு எண் கிடையாது. பொருள் வாசலுக்கு வராவிட்டால் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. முதல் இரண்டு மூன்று ஆர்டருக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

ஆனால் இது எதிலிருந்து காக்கிறது என்று சரியாகத் தெரிந்துகொள்ளவேண்டும். பொருள் வராமல் போவதிலிருந்து காக்கும். தப்பான பொருள் வருவதிலிருந்து காக்காது. ஏனென்றால், பெரும்பாலும் மூடிய பெட்டிக்குத்தான் காசு கொடுக்கிறோம். டெலிவரி தம்பிக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது, பிரித்துப் பார்க்கவிட அவருக்கு அனுமதியும் இருக்காது. அதனால் பெரிய செயலிகளில், பொருளின் பக்கத்திலேயே 7 நாள், 10 நாள் ரிட்டர்ன் என்று போட்டிருக்கும் பொருளுக்கு மட்டும் இது நல்ல வழி. முகநூல் விளம்பரத்தைத் தொட்டால் திறக்கிற, பேர் தெரியாத தளங்களும் இப்போது கேஷ் ஆன் டெலிவரி கொடுக்கின்றன. கையில்தானே காசு கொடுக்கப்போகிறோம் என்று நம்பி வாங்கினால், கந்தல் துணி வந்து சேரும். திருப்பி அனுப்ப உருப்படியான முகவரிகூட இருக்காது.

இன்னொன்று. நாம் ஆர்டரே போடாத பார்சலும் வரும். பகலில் வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும்போது, "உங்க பையன் பேர்லதான் வந்திருக்கு, 600 ரூபாய்" என்று கேட்டால், பிள்ளை சொல்ல மறந்திருப்பான் என்று கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரே விதி: போன் போட்டுக் கேட்காமல் எந்தப் பார்சலுக்கும் காசு கிடையாது.

டிவி, செல்போன் மாதிரிச் சில பொருள்களுக்கு 'ஓபன் பாக்ஸ் டெலிவரி' உண்டு. பெட்டியை டெலிவரி தம்பியே நம் கண்ணெதிரே பிரித்துக் காட்டுவார். அப்போது கேட்கிற ஓடிபி, பொருளைச் சரியாகப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கு நாம் போடுகிற கையெழுத்து மாதிரி. அவர் அவசரப்படுத்தினாலும், பார்த்து முடித்த பிறகுதான் அதைச் சொல்லவேண்டும்.

யுபிஐ

2016இல் வந்தது, இன்று கீரைக்கட்டு வாங்கவும் இதுதான். ஆன்லைன் கடைக்கும் நல்ல வழியே. கார்டு எண் எதையும் கடையிடம் கொடுக்கத் தேவையில்லை. பணம் கழிந்தும் கடைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் பதறவேண்டாம். 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, கடைக்குச் செலுத்திய பணம் அப்படி நடுவில் நின்றுபோனால் 5 நாளுக்குள் தானாகத் திரும்பவேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தரவேண்டும்.

யுபிஐயில் மனதில் பதியவேண்டியது ஒன்றே ஒன்று. பின் எண் என்பது பணம் அனுப்புவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும்தான். பணம் வாங்க அது வேண்டியதே இல்லை. "ரீஃபண்ட் போடுறோம் மேடம், க்யூஆர் ஸ்கேன் பண்ணிப் பின் போடுங்க" என்று யார் சொன்னாலும், அந்த நிமிஷமே போனை வைத்துவிடலாம்.

அம்மாவுக்கு நான் செய்து கொடுத்த ஏற்பாடு, சம்பளமோ பென்ஷனோ வருகிற கணக்கை விட்டுவிட்டு, தனியாக ஒரு சின்னக் கணக்கை யுபிஐயில் இணைத்தது. அதில் எப்போதும் 3,000 ரூபாய்க்கு மேல் இருக்காது. என்ன தப்பு நடந்தாலும் அதோடு போய்விடும்.

யுபிஐயிலேயே இன்னொரு வழி: வாட்ஸ்அப் கடை

இதைத் தனியாகப் பேசவேண்டும், ஏனென்றால் நான் இங்கேதான் பணத்தை விட்டேன். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம். சேலம் பக்கத்து இளம்பிள்ளைச் சேலைகள், தறி விலைக்கு. தறியின் சத்தத்தோடு வீடியோ, கீழே நூற்றுக்கணக்கில் "சூப்பர் சிஸ்" பாராட்டுகள். வாட்ஸ்அப்பில் பேசினால் மரியாதையாகப் பதில். 1,850 ரூபாய்க்கு மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் சேலை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அவர்கள் கொடுத்த செல் எண்ணுக்குப் பணம் அனுப்பினேன். முதல் வாரம் "நாளைக்கு கூரியர் போடுறோம் சிஸ்". இரண்டாம் வாரம் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள்.

வங்கிக்குப் போனேன். அங்கே இருந்த பெண் ஊழியர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்கம்மா. யாரும் திருடலையே." அவர் சொன்னது சரி. நம் அனுமதியில்லாமல் கணக்கிலிருந்து பணம் போனால் அதற்குப் பாதுகாப்பு உண்டு. 2017இல் வந்த ரிசர்வ் வங்கி விதி, நம் மேல் தப்பில்லாமல் வெளியாள் எடுத்த பணத்தை 3 வேலை நாளுக்குள் புகார் செய்தால், நம் பொறுப்பு பூஜ்யம் என்கிறது. நாமே மனமொப்பி அனுப்பிய பணத்துக்கு அந்த விதி பொருந்தாது. செயலிக்குள் வாங்கியிருந்தால் ஆர்டர் எண் இருந்திருக்கும், ரிட்டர்ன் பொத்தான் இருந்திருக்கும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாசத்துக்குள் தீர்க்கவேண்டிய குறைதீர்ப்பு அதிகாரி இருந்திருப்பார். 2020 மின்வணிக விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. என்னிடம் இருந்ததோ ஒரு செல் எண்.

எல்லா வாட்ஸ்அப் கடையும் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். வீட்டிலிருந்தே நேர்மையாக விற்கிற எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் இன்றும் வாங்குகிறேன். தெரிந்தவர் யாராவது வாங்கிக் கட்டியிருக்கவேண்டும், முதல் முறை சின்னத் தொகைதான், வீடியோ காலில் அந்தச் சேலையைக் காட்டச் சொல்வேன். இந்த மூன்றும் இல்லாமல் பணம் போகாது.

டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பணம் யாருடையது என்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். டெபிட் கார்டில் ஏதாவது நடந்தால் உங்கள் சேமிப்பு அந்த நொடியே குறையும், அப்புறம் நீங்கள் துரத்தவேண்டும். கிரெடிட் கார்டில் போவது வங்கியின் பணம், பில் வரும்வரை உங்கள் கையிருப்பு அப்படியே இருக்கும். பொருள் வரவில்லை என்றால், வங்கியில் முறையிட்டுக் கடையிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கிற 'சார்ஜ்பேக்' வழி இரண்டு கார்டுக்கும் உண்டு. காத்திருக்கிற காலத்தில் யார் பணம் முடங்கிக் கிடக்கிறது என்பதில்தான் கிரெடிட் கார்டு முந்துகிறது. பிரிட்ஜ், லேப்டாப் மாதிரிப் பெரிய தொகைக்கு, ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர்களுக்கு என் ஓட்டு அதற்கே. ஆன்லைனில் வாங்குவதற்காகவே புதிதாகக் கிரெடிட் கார்டு எடுக்கவேண்டாம். முழு பில்லையும் தேதிக்குள் கட்டத் தவறினால் வட்டி வருஷத்துக்கு 36 சதவீதத்துக்கு மேலேகூட ஏறும்.

டெபிட் கார்டுதான் என்றால், வங்கிச் செயலியில் ஆன்லைன் பயன்பாட்டுக்கென்று தனி சுவிட்சும் உச்சவரம்பும் இருக்கும். வாங்கும்போது மட்டும் திறந்து, முடிந்ததும் மூடிவிடலாம். 'கார்டைச் சேமிக்கவா' என்று கடை கேட்பதற்கு ரொம்பப் பயப்படவேண்டியதில்லை. 2022 அக்டோபரிலிருந்து கடைகள் முழுக் கார்டு எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்குப் பதிலாக டோக்கன் என்கிற ஒரு மாற்று எண்தான் அவர்களிடம் இருக்கும்.

எந்த வழியில் வாங்கினாலும் கடையின் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். போலி எண்களை அங்கே போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். செயலிக்குள்ளேயே 'உதவி' பகுதி இருக்கும். பணம் களவு போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. கடை பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அம்மா கேஷ் ஆன் டெலிவரியைத்தான் அமுக்கினார். நாலாம் நாள் பார்சல் வந்தது. பார்சலின் மேல் ஒட்டியிருந்த சீட்டு தெரியும்படி நான் வீடியோ எடுக்க, அம்மா கத்தரியால் டேப்பை வெட்டினார். குக்கர் சரி, மூடி சரி, விசில் சரி. கேஸ்கெட் மட்டும் இல்லை. அந்த வீடியோவைச் செயலியில் ஏற்றி ரிட்டர்ன் கேட்டோம். மாற்றுக் குக்கர் ஐந்து நாளில் வந்துவிட்டது. அடுத்து ஒரு தோசைக்கல்லுக்கு அவரே, என்னைக் கூப்பிடாமல், அந்தச் சின்னக் கணக்கிலிருந்து யுபிஐயில் கட்டியிருக்கிறார்.