டார்த் வேடர், 4.25 அங்குலம்: தகரக் கூரையின் கீழ் சில ஆண்டுகள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் மேலங்கி போட்ட, ஐந்தே இடத்தில் அசைகிற இந்தச் சின்ன டார்த் வேடர் (ஸ்டார் வார்ஸ் படத்தின் கறுப்புக் கவச வில்லன்) பொம்மை நம்ம ஊர் வீட்டுக்கு ஏற்றது. இதைவிடக் கூடுதல் விலையில், துணி மேலங்கியோடு, முழங்கால் மணிக்கட்டு எல்லாம் மடங்குகிற ஆறு அங்குலப் பொம்மைகள் கிடைக்கின்றன. அவற்றைப் புகழ்கிற காணொளிகளைப் பாருங்கள், பின்னால் ஏர்கான் போட்ட அறையும் கண்ணாடி அலமாரியும் தெரியும். எங்கள் வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. மேலே தகரக் கூரை. மதியம் இரண்டு மணிக்கு அதன் கீழே என்ன தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் எனக்கு அளவுகோல்.

என்னிடம் இருப்பது 1978 பொம்மையின் பழைய அமைப்பை ஒட்டி அண்மைக் காலத்தில் செய்த மறுவெளியீடு. அசல் 1978 பொம்மையை நல்ல நிலையில் வாங்குவது நம் சம்பளத்துக்கு ஆகிற காரியமில்லை. அதிலும் கைக்குள்ளிருந்து இரண்டு அடுக்காக நீளும் வாள் உள்ள ஆரம்பகால வேடர் என்றால் ஏலத்தில்தான் பார்க்க முடியும். மறுவெளியீடு ஐம்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. ஈப்போவில் தேடிக் கிடைக்காமல் ஆன்லைனில் வாங்கினேன்.

ஸ்டார் வார்ஸ் 1977 மே மாதம் வெளிவந்தபோது பொம்மைகள் தயாராக இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு கென்னர் என்கிற பொம்மை நிறுவனம் விற்றது அட்டை உறையும் அதற்குள் ஒரு சான்றிதழும் மட்டும்தான். அதை அனுப்பி வைத்தால் பொம்மை பிறகு தபாலில் வரும். அப்படி வந்த முதல் நால்வரில் லூக், லேயா, சூபாக்கா, ஆர்-டூ டி-டூ இருந்தார்கள், வேடர் இல்லை. வில்லன் 1978இல் கடைக்கு வந்த பன்னிரண்டு பேரில் ஒருவராகத்தான் வந்தார். இந்தச் சின்ன அளவைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. விண்கலங்களையும் அதே அளவுக்குச் செய்து, பெற்றோர் வாங்கக்கூடிய விலையில் விற்க வேண்டும். பொதுவாக 3.75 அங்குலம் என்று வைத்துக்கொண்டு, வேடரைக் கொஞ்சம் உயர்த்தி 4.25 அங்குலமாக்கினார்கள். (சூபாக்காவும் உயரம்தான், அவரைக் குட்டையாக்கினால் யார் ஒத்துக்கொள்வார்கள்?) வேடரின் உடைக்குள் நடித்த டேவிட் பிரவுஸ் ஆறடி ஆறு அங்குலம். பதினெட்டில் ஒரு பங்கு போட்டுப் பாருங்கள், பொம்மையின் உயரம் கிட்டத்தட்ட சரியாக வரும். மலிவான பொம்மைதான், ஆனாலும் கணக்கு பிசகவில்லை.

இனி பொம்மைக்கு வருவோம். கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு, இவ்வளவுதான் அசையும். தலை இடமும் வலமும் திரும்பும், குனியாது. இது எனக்குப் பெரிய குறை. வேடரின் மிரட்டலே எதிரில் நிற்பவரை மேலிருந்து பார்க்கிற பார்வையில்தானே இருக்கிறது? அதனால் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். மேசையில் வைத்தால் பாவமாக இருக்கும். கண்ணுக்கு மேலே, அலமாரியின் மேல்தட்டில் வைத்தால் நம்மைப் பொருட்படுத்தாமல் தூரத்தைப் பார்க்கிற தோரணை வந்துவிடும். தலைக்கவசத்தின் விளிம்பில் இருக்கும் ஜப்பானிய சாமுராய்ச் சாயல் இந்தச் சின்ன அளவிலும் தெரிகிறது. நெஞ்சுப் பெட்டியில் இருக்கிற வண்ணப் பொத்தான்களைத்தான் கிட்டத்தில் பார்க்கக்கூடாது, கோட்டைத் தாண்டிச் சாயம் வழிந்திருக்கிறது.

வாள் கையில் பிடித்திருப்பது அல்ல, வலது கைக்குள்ளேயே ஒளிந்திருப்பது. கையின் அடிப்புறத்தில் நகம் பட்டால் தட்டுப்படுகிற ஒரு சின்ன மேடு இருக்கும். அதை முன்னால் தள்ளினால் சிவப்பு வாள் நீளும். ஆரம்பத்தில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, பழகப் பழக வழுக்கிக்கொண்டு போகிறது. வாளின் நுனிதான் முதலில் கெடும். ஜன்னல் ஓரம் வைத்திருந்த நாட்களில் நுனி மெல்லச் சாய்ந்து, கடைசியில் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி, விரலால் நேராக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் விட்டால் நிமிர்ந்துவிடும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். கால் வளைந்து பொம்மை முன்னால் சாய்ந்தாலும் இதே வைத்தியம்தான்.

மேலங்கியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கை நுழைக்க இரண்டு ஓட்டை போட்ட மெல்லிய வினைல் தாள் அது, வேறொன்றும் இல்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதைக் கேலி செய்வார்கள். மடிப்பு விழாது, காற்றில் அசையாது, பொம்மையை உட்கார வைத்தால் பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். அத்தனையும் உண்மை. ஆனால் நண்பர் ஒருவரிடம் இருக்கிற துணி மேலங்கி வேடரைப் பார்த்தேன். மழைக்காலம் முடிந்தபோது மேலங்கியின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்திருந்தது. தேய்த்ததில் கறுப்பும் வெளுத்துவிட்டது. என்னுடையதில் அதிகபட்சம் நடந்தது பல்லி எச்சம். கறுப்பின் மேல் வெள்ளைப் புள்ளி, அதுவும் தோளில், பார்க்க மோசமாகத்தான் இருந்தது. ஈரத்துணியால் ஒரு துடை, போய்விட்டது. கீழ் விளிம்பு மட்டும் இரண்டு பக்கமும் வெளியே சுருண்டிருக்கிறது. அதைக் கழற்றி, இரண்டு தடிமனான புத்தகங்களுக்கு நடுவே தாள் சுற்றி வைத்தால் ஓரளவு படியும், முழுசாகப் படியாது. கழற்றும்போது கை ஓட்டையின் ஓரத்தை இழுக்காதீர்கள், கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது பிசுபிசுப்பு. மென்மையான பிளாஸ்டிக்கை வளையும்படி வைத்திருக்கிற எண்ணெய்ச் சேர்மானம் சூட்டில் மெல்ல மேலே கசிந்து வரும். நம் வீட்டில் அது சீக்கிரமே நடக்கும். தொட்டால் ஒட்டும், தூசியைப் பிடித்து வைக்கும். அதனால்தான் உறை பிரிக்காமல் வைத்தால் மதிப்பு கூடும் என்கிற பேச்சை நான் கேட்பதில்லை. பிளாஸ்டிக் குமிழுக்குள் அடைத்து வைத்தால் அந்தக் கசிவு போக வழியில்லாமல் பொம்மை மேலேயே தங்கிவிடும். அட்டையும் நம் ஈரக்காற்றில் நெளிந்து, குமிழ் ஒரு ஓரமாக விட்டுக்கொள்ளும். பிரித்து வெளியே வையுங்கள். ஒட்ட ஆரம்பித்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேய்த்து நிழலில் உலர்த்தினால் போதும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் நெஞ்சுப் பெட்டியின் சாயம் கையோடு வந்துவிடும். அலமாரியில் பாச்சை உருண்டை போடுகிற வழக்கம் இருந்தால் பொம்மையை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், சில வகைப் பிளாஸ்டிக்குக்கு அந்த ஆவி ஆகாது.

வீட்டில் இதற்கு என்ன மரியாதை என்று கேட்டால், அம்மா முதல் நாளே கேட்டுவிட்டார்: "யாருடா இது, கறுப்புச் சட்டையும் வாளுமா, முனியாண்டி மாதிரி காவலுக்கு நிக்கிறான்?" வில்லன் என்று விளக்கிச் சொன்னேன். "வில்லனா இருந்தா என்ன, வாசலைப் பார்த்து வை" என்றார். அப்புறம் அப்படியே வாசலைப் பார்த்துத்தான் நிற்கிறது.

அக்கா மகனுக்குக் குறையாகத் தெரிவது ஒன்றுதான், இதற்குச் சத்தம் வராது. படத்தில் வரும் அந்த மூச்சொலி, பென் பர்ட் என்கிற ஒலி வடிவமைப்பாளர் நீருக்கடியில் மூழ்குபவர்களின் சுவாசக் கருவியில் பதிவு செய்தது. பேச்சு ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸின் குரல். பின்னால் வந்த படங்களில் வாள் சண்டைக்கு பாப் ஆண்டர்சன். இத்தனை பேர் சேர்ந்து செய்த வில்லனை பொம்மையில் ஒருவனே செய்ய வேண்டியிருக்கிறது. அக்கா மகன் மைலோ டின்னை வாயில் வைத்து மூச்சு விடுகிறான். எனக்கென்னவோ மின்கலம் போட்ட பொம்மைகளைவிட அது நன்றாக இருக்கிறது.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பேசி கறுப்பைப் பார்த்ததும் வெளிச்சத்தைக் கூட்டி, வேடரைச் சாம்பல் நிறமாக்கிவிடும். வெளிச்ச அளவைக் கையால் குறைத்துவிட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். காலை வெயில் பக்கத்திலிருந்து விழும்போது கவசத்தின் கன்னப் பகுதி தனியாக எடுத்துக்காட்டும்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கிற போலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறை பிரித்தாலே மண்ணெண்ணெய் வாடை அடிக்கும், வாள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பத்து வெள்ளிக்குப் பிள்ளைகள் உடைத்து விளையாட வாங்கலாம்.

பிள்ளைகள் கையில் என்னுடையதையும் கொடுக்கத்தான் செய்கிறேன், பூட்டி வைக்கிற ஆள் நான் இல்லை. தோளும் இடுப்பும் இன்னும் இறுக்கமாகவே இருக்கின்றன. ஒரே நிபந்தனை, வாளைப் பல்லால் கடித்து இழுக்கக்கூடாது. அது மட்டும் போனால் தனியாகத் தேடிப் பிடிப்பது சிரமம், இன்னொரு வேடரையே வாங்க வேண்டி வரலாம்.