நியூசிலாந்து ஏரிச்சாலை: மோட்டார்ஹோமா, சின்ன வேனா, காரா?

கிறைஸ்ட்சர்ச்சில் வண்டி எடுத்து, டெகாபோ, புகாகி, வனாகா ஏரிகளைப் பார்த்துக்கொண்டே குயின்ஸ்டவுன் போக நினைப்பவர்கள் முதலில் திண்டாடுவது வண்டி விஷயத்தில்தான். இருவர் போவதென்றால் என் ஓட்டு சின்ன கேம்பர்வேனுக்கு (உள்ளேயே படுத்துக்கொள்ளும் வேன்).

ஆறு பேர் படுக்கும் மோட்டார்ஹோமில் சுகம் நிறைய. நிமிர்ந்து நின்று தோசை ஊற்றலாம், வெந்நீரில் குளிக்கலாம். மழை பிடித்துக்கொண்டால் ஆளுக்கொரு மூலையில் உட்காரலாம். ஓட்டும்போதுதான் தொல்லை. எடை 3,500 கிலோவைத் தாண்டினால் 100 கி.மீ. சாலையிலும் 90-தான் வேக வரம்பு. டீசல் வண்டி என்றால் எரிபொருள் செலவு போக, கிலோமீட்டர் கணக்கில் சாலை வரியும் உண்டு. அலமாரிக் கதவைப் பூட்டாமல் கிளம்பினால் முதல் வளைவிலேயே தட்டெல்லாம் தரையில்.

வனாகாவிலிருந்து குயின்ஸ்டவுனுக்குக் குறுக்குவழி கிரவுன் ரேஞ்ச் சாலை. 1,076 மீட்டர் உயரம் வரை ஏறி, கடைசியில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும். சின்ன வேன் தாராளமாகப் போகும் (குளிர்காலத்தில் பனிச் சங்கிலி வேண்டியிருக்கும்). பெரிய வண்டிக்கு குரோம்வெல் சுற்றுவழிதான் நிம்மதி. வாடகை ஒப்பந்தம் அந்தச் சாலையை அனுமதிக்கிறதா என்றும் படித்துவிடுங்கள்.

சின்ன வேனில் சுகம் குறைச்சல், ஒளிப்பதற்கில்லை. ராத்திரி மேசையை மடக்கினால்தான் படுக்கை. ஒருவர் நகர மற்றவர் கால் மடக்க வேண்டும். ஆனால் டெகாபோ பகுதி 2012-லிருந்து சர்வதேச இருள்வான் காப்பகம் (விளக்கொளியைக் குறைத்து இரவு வானத்தைக் காக்கும் இடம்). நடுராத்திரி முழிப்பு வந்தால் கதவைத் திறந்தாலே போதும், பால்வீதி தலைக்கு மேல் கிடக்கும். காலையில் புகாகியின் பால் கலந்த நீலம்; பனியாறுகள் அரைத்த பாறைமாவு நீரில் மிதப்பதால் வரும் நிறம் அது. எதிரே 3,724 மீட்டர் ஆவோராகி (மவுண்ட் குக்) மலை.

ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: கழிப்பறை. 2023-இல் வந்த சட்டப்படி, செல்ஃப்-கன்டெயின்ட் சான்று (தண்ணீரும் கழிவும் வண்டிக்குள்ளேயே அடங்கும் என்பதற்கான பச்சை நிறச் சான்று) வேண்டுமென்றால் கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் வைக்கும் கழிப்பறைப் பெட்டி செல்லாது. இந்தப் பச்சைச் சான்று இல்லாத வேனில் ஏரிக்கரையில் இலவசமாகத் தங்கினால் அபராதம் விழலாம். அப்புறம், நிரம்பிய கேசட்டை (கழிப்பறையின் கழிவுப் பெட்டியை) அதற்கென்று உள்ள டம்ப் ஸ்டேஷனில் யாராவது கொட்டியாக வேண்டும். அது யார் என்று கிளம்பும் முன்பே பேசிவையுங்கள்!

கார்? பெட்ரோல் மிச்சம், எங்கும் நுழையும், வாடகையும் குறைவு. ஹாலிடே பார்க் எனும் சுற்றுலா முகாம்களில் சமையலறை வசதியோடு சின்ன அறைகள் கிடைக்கும். ஜனவரியில் அவை சீக்கிரமே நிரம்பிவிடும் என்பதால் ஊர் ஊராக முன்பதிவு செய்தாக வேண்டும். பிடித்த கரையில் இன்னொரு ராத்திரி தங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்பா அம்மாவையும் கூட்டிப் போகிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், கார்தான். மோட்டார்ஹோமில் ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் படுக்கைக்கு ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும்.