ஹோம் ஸ்டடிக்கு முந்தைய ஆலோசனை: அல்சூரில் ஒரு தனியார் சேவை

தத்தெடுப்புக்குப் பதிவு செய்தவர்களை ஹோம் ஸ்டடிக்கு, அதாவது சமூகப் பணியாளர் வீட்டுக்கே வந்து குடும்பத்தைப் பற்றி நடத்தும் வீட்டாய்வுக்கு, தயார்படுத்தும் தனியார் ஆலோசனைச் சேவை ஒன்றை, பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டில் வசிக்கும் நானும் என் கணவரும் அண்மையில் பயன்படுத்தினோம். அவர்களுடைய பேச்சு அமர்வுகளுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்பது என் கருத்து.

ஆவணங்களைச் சரிபார்த்துக் கோப்பாக்கித் தருவதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். பான் அட்டை, திருமணச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று என வேண்டியவை எல்லாம் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான காராவின் தளத்திலேயே பட்டியலாக இருக்கின்றன. அவற்றைத் தரவேற்ற இடையாள் தேவையில்லை. அதைவிட எரிச்சலூட்டியது, வீட்டைப் பார்க்க வந்த அவர்களுடைய ஊழியர் சுவருக்கு வண்ணம் அடிக்கவும் குழந்தைக்கென்று தனி அறை ஒதுக்கிக் காட்டவும் சொன்னதுதான். தத்தெடுக்கச் சொந்த வீடே இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லாதபோது, வாடகை வீட்டுக்கு இந்த அலங்காரம் எதற்கு? பிற்பாடு ஆய்வுக்கு வந்த சமூகப் பணியாளர் பால்கனிக் கம்பிகளின் இடைவெளியையும் சமையலறையில் கேஸ் சிலிண்டர் இருக்கும் இடத்தையும் கவனித்தார். சுவர் பக்கம் திரும்பியதாகவே தெரியவில்லை.

பேச்சு அமர்வுகள் வேறு தரம். 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி வீட்டாய்வு அறிக்கை 3 ஆண்டுகள் செல்லும். குழந்தைக்காகக் காத்திருப்பதும் ஆண்டுக்கணக்கில்தான் என்பதால், அதில் நம்மைப் பற்றிப் பதிவாவது சிறிய விஷயமல்ல. இருவரும் வேலைக்குப் போனால் பகலில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள், உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பேற்பார்கள், தத்துப்பிள்ளை என்பதை எந்த வயதில் சொல்வீர்கள் என்று ஆலோசகர் கேட்டார். விடைகளை அவர் மனப்பாடம் செய்யவைக்கவில்லை. கடைசிக் கேள்விக்கு நானும் கணவரும் நேர் எதிரான பதில்களைச் சொன்னபோது, எங்களை அவசரமாக ஒன்றுபடுத்தாமல், வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்லி அமர்வை முடித்தார்.

இந்தச் சேவையின் உண்மையான பலம், வீட்டுப் பெரியவர்களுடன் அவரவர் மொழியிலேயே பேசுவது. ஓய்வுக்குப் பிறகு வேலூரிலிருந்து எங்களிடம் வந்த என் மாமியாருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். "பிள்ளை என்ன சாதி என்று காகிதத்தில் போட்டிருப்பார்களாம்மா?" என்று அவர் கேட்டார். "கைவிடப்பட்ட குழந்தை என்றால் பெற்றவர் யாரென்றே தெரியாதுங்கம்மா. அது தெரிந்தே ஆக வேண்டும் என்றால், உங்கள் மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்றார் ஆலோசகர். மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு காபி போட எழுந்துபோனார். டம்ளரை நீட்டும்போது, "அப்படியென்றால் ஜாதகமும் இருக்காது" என்றார். அந்தப் பேச்சு சமூகப் பணியாளரின் முன்னால் முதன்முறையாக நடந்திருந்தால் நாங்கள் மூவருமே திணறியிருப்போம்.

வீட்டாய்வுக்கான அரசு நிர்ணயக் கட்டணத்தைத் தத்தெடுப்பு முகமைக்குத் தனியாகச் செலுத்த வேண்டும். ஆலோசனைக் கட்டணத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முழுத் தொகுப்பையே விற்கப் பார்ப்பார்கள், ஆனால் வற்புறுத்திக் கேட்டால் பேச்சு அமர்வுகளைப் பிரித்துத் தருகிறார்கள். பெரியவர்களுக்கான அமர்வு சனிக்கிழமை காலையில் மட்டுமே நடப்பதால் முன்கூட்டியே நேரம் கேட்டு வைப்பது நல்லது.